எக்கோ அறையில் அம்மாவின் குரல்

குடும்பத்தில் யாருக்காவது பிறவியிலேயே இதயத்தில் கோளாறு உண்டா என்று நர்ஸ் கேட்டார். நான் இல்லை என்றேன். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் என் அத்தை, அதாவது மாமியார், உட்கார்ந்திருந்தார், அதுதான் காரணம். நாமக்கல்லில் நான் மாதாமாதம் காட்டுகிற மகப்பேறு மருத்துவமனையில் பதிவு அட்டை நிரப்புகிற நேரம் அது. சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், மற்றதற்கெல்லாம் போட்ட மாதிரியே இதற்கும் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

கோளாறு எனக்கே இருந்தது. வேறு யாரையும் தேட வேண்டியதில்லை.

நான்கு வயதில் எனக்குச் சளி பிடித்து, மோகனூரில் டாக்டரிடம் காட்டியபோது அவர் ஸ்டெதாஸ்கோப்பை என் நெஞ்சிலிருந்து எடுக்கவே இல்லையாம். இதயத்தில் ஓட்டை இருக்கும்போலத் தெரிகிறது, சேலத்துக்குப் போய்ப் பார்த்துவிடுங்கள் என்றாராம். அப்பாவுக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. அரவை நடக்கும்போது லீவு கேட்டால் கிடைக்காது. அதனால் வருஷத்துக்கு ஒருமுறை அம்மாதான் என்னைச் சேலத்துக்குக் கூட்டிப்போவாள். டாக்டர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வருவதும் அவள்தான், வந்து அப்பாவிடம் சொல்வதும் அவள்தான். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது ஒருநாள், ஓட்டை மூடிவிட்டது, இனிமேல் சேலம் போக வேண்டியதில்லை என்றாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அதுவரை பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பீரியடில் மரத்தடியில் உட்கார வைத்திருந்தார்கள். அடுத்த நாளே ஓடினேன்.

அதற்கப்புறம் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த நாளன்று காலையில், குளிக்கத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்த அடுப்பில் அம்மா என்னுடைய பழைய ஆஸ்பத்திரி பைலைப் போட்டாள். உறையோடு போட்டதால் வீடு முழுக்கப் பிளாஸ்டிக் கருகிய வாடை. வருகிறவர்கள் மூக்கைச் சுளிக்கப் போகிறார்கள் என்று அப்பா சத்தம் போட்டார். பைலைப் பற்றி அவரும் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண் எடுப்பது என்றால் ஜாதகம் பார்ப்பதோடு விடமாட்டார்கள். முன்னாலேயே ஆள் விட்டு விசாரிப்பார்கள். பெண்ணின் ஊர் டீக்கடையில் உட்கார்ந்து, வலிப்பு கிலிப்பு உண்டா, ஆபரேஷன் கீபரேஷன் ஏதாவது ஆகியிருக்கிறதா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிட்டுப் போவார்கள். என்னைப் பற்றியும் கேட்டார்கள். நல்ல வேளை, எனக்குத் தழும்பு ஒன்றும் இல்லை. ஊரிலும் யாருக்கும் ஞாபகம் இல்லை. கல்யாணம் நடந்தது.

கட்டினவரிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லத்தான் நினைத்தேன். அவருக்கு ரிக் வண்டியில் வேலை. போர்வெல் போட சத்தீஸ்கர் பக்கம் போனால் திரும்பி வர மூன்று மாதம் ஆகும். வந்து நிற்கிற பத்து நாளில் எதைச் சொல்ல, எதை விட? அதோடு, மூடிப்போனதைப் பற்றி என்ன பேச்சு என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். என் கோழைத்தனத்துக்கு நல்ல சாக்கு அது. இன்றைக்கு நினைத்தாலும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

ஐந்தாம் மாத ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அத்தை திருச்செங்கோடு மலைக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டு வந்தார். எனக்கு நிம்மதி ஒரு மாதம்தான். அடுத்த முறை ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது, சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. வயிற்றில் இருக்கும் குழந்தையின் இதயத்தைத் தனியாக எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டியவர்கள் யார் யார் என்று அதில் போட்டிருந்தார்கள். முதல் வரியே, தாய்க்குப் பிறவி இதயக் கோளாறு இருந்தால், என்பது. இது இருபத்து நான்கு வாரத்துக்குள் எடுக்க வேண்டிய பரிசோதனை என்றும் அடியில் இருந்தது. எனக்கு இருபத்திரண்டு நடந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அடுத்த நாள் எட்டாம் வகுப்பில் ஒரு சமன்பாட்டை எழுதிவிட்டு, பாதியில் என்ன எழுதினோம் என்று தெரியாமல் போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். உள்ளே இருக்கிற பிள்ளை உதைக்கும்போதெல்லாம், உனக்கும் அதைக் கொடுத்துவிட்டேனா என்று கேட்கத் தோன்றியது. மத்தியானம் மாடிப்படியில் நின்று அம்மாவுக்கு போன் செய்தேன். விஷயத்தை ஆரம்பித்ததுமே அம்மா, போனில் பேசுகிற பேச்சா இது, அதையேன் இப்போது கிண்டுகிறாய் என்று வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. கால் வீங்குகிறது என்று ஒரு பொய் சொல்லி, மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அத்தை என்னைத் தனியாக விடமாட்டார், கூடவே வந்தார். எங்கள் முறை வரும் நேரத்தில், இளநீர் குடித்தால் தேவலை போலிருக்கிறது என்றேன். பாவம், அந்த வெயிலில் எழுந்து வெளியே போனார். அவர் திரும்பி வருவதற்குள் டாக்டரம்மாவிடம் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். படித்த பெண்தானே நீ, மூன்றாம் மாதமே சொல்வதற்கென்ன என்று திட்டினார். வாங்கிக்கொண்டேன். சேலத்தில் சூரமங்கலம் பக்கம் ஒரு மருத்துவமனைக்குக் கோயம்புத்தூரிலிருந்து குழந்தைகள் இதய டாக்டர் ஒருவர் வாரத்தில் ஒருநாள் வருகிறார், இந்த வாரமே போ என்று கடிதம் எழுதினார். உறையை ஒட்டி என் கையில் கொடுத்தார். வெளியே அத்தை இளநீரோடு நின்றிருந்தார். இப்போதெல்லாம் எல்லாருக்கும் இந்த ஸ்கேன் எடுக்கிறார்களாம் என்றேன். அப்படியா என்று நம்பிவிட்டார்.

பஸ்ஸில் குலுக்கும் என்று அத்தை கார் ஏற்பாடு செய்தார். வழியெல்லாம் என் கவலை ஒன்றே ஒன்றுதான்: ஸ்கேன் அறைக்குள் துணைக்கு ஆளை விடக்கூடாது. நாமக்கல்லில் விடமாட்டார்கள். இங்கேயும் விடாமல் இருந்தால் டாக்டரிடம் தனியாகப் பேசிவிடலாம். ராசிபுரம் தாண்டும்வரை மனதுக்குள் அதையே வேண்டிக்கொண்டு வந்தேன்.

அந்த மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தை என்னால் மறக்க முடியாது. கூட்டம் நிறைய, ஆனால் சத்தமே இல்லை. சின்னக் குழந்தைகள் தூங்கினால்தான் எக்கோ எடுக்க முடியுமாம். அதற்கு ஒரு மருந்து கொடுத்து, அம்மாக்கள் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு மேலும் கீழும் நடந்தார்கள். யாராவது செருமினால்கூட எல்லாரும் திரும்பி முறைத்தார்கள். எங்கள் அத்தைக்கு மெதுவாகப் பேசவே வராது, தோட்டத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பேசிப் பழகியவர். அவரே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒரு தகப்பன் தூங்குகிற குழந்தையின் உதட்டை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். உதடு நீலமாக இருந்தது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்ததும் நர்ஸ் அத்தையைப் பார்த்து, நீங்களும் உள்ளே வாங்கம்மா என்றார். அவ்வளவுதான், என் கதை முடிந்தது.

டாக்டர் இளைஞர். ரொம்ப மெதுவான குரல். என்னைப் படுக்கச் சொல்லிவிட்டு உறையைப் பிரித்துப் படித்தார். படித்துவிட்டு, சாதாரணமாக, "உங்களுக்குச் சின்ன வயசுல இதயத்துல ஓட்டை இருந்திருக்கு, இல்லையா?" என்றார்.

ஆமாம் என்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அத்தை என் தலைமாட்டில் நின்றிருந்தார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்த அவர் கையை எடுத்துவிட்டது தெரிந்தது.

ஓட்டை எந்த இடத்தில், மேல் அறைகளுக்கு நடுவிலா கீழ் அறைகளுக்கு நடுவிலா, எந்த வயதில் மூடியது, கடைசியாக எப்போது எக்கோ எடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து என் நெஞ்சுக்குள் இருந்ததைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அம்மாவுக்குத்தான் தெரியும் என்றேன். அப்படியானால் இப்போதே கேளுங்கள், ஸ்பீக்கரில் போடுங்கள், நானே பேசுகிறேன் என்றார்.

போட்டேன். டாக்டர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, மகளின் இதயக் கோளாறைப் பற்றிக் கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது, கல்யாண வீட்டில் வருகிறவர்களை வரவேற்கிற குரல்.

"என்ற புள்ளைக்கு அப்படியெல்லாம் ஒண்ணுமே இல்லீங்களே. காய்ச்ச தலவலின்னுகூடப் படுத்ததில்லீங்க."

நான்தான், அம்மா, கேட்கச் சொன்னேன், சொல் என்றேன். நீ சும்மா இரு சாமி, டாக்டர் வேறு யாரையோ நினைத்துக் கேட்கிறார் என்றாள். பக்கத்தில் சம்பந்தியம்மா இருப்பார் என்று அவளுக்குத் தெரியும். என் குடித்தனத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அங்கே உட்கார்ந்து பொய்யைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. வயிற்றில் ஜெல்லைத் தடவிவைத்துக்கொண்டு, எழுந்து உட்காரவும் முடியாமல், அம்மா, அம்மா என்று போனைப் பார்த்துக் கத்தினேன். அவள் அசையவில்லை. டாக்டருக்கே தர்மசங்கடமாகிவிட்டது.

அப்போது அத்தை குனிந்து என் கையிலிருந்த போனை எடுத்தார்.

"நாந்தேன் பேசறனுங்க சம்மந்தி. மறைச்சது என்னமோ மறைச்சாச்சு, அதைய அப்பறம் பேசிக்கலாம். உள்ள இருக்கறது எங்க ஊட்டுப் புள்ளையுந்தான். டாக்டர் கேக்கறதுக்கு உள்ளதச் சொல்லுங்க."

அம்மா அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே சொன்னாள். மேல் அறைகளுக்கு நடுவில்தான் ஓட்டை என்று படம் போட்டுக் காட்டினார்களாம். வருஷா வருஷம் வாருங்கள், பத்து வயதுக்குள் தானாக மூடாவிட்டால் ஆபரேஷன் செய்து மூட வேண்டியிருக்கும் என்றார்களாம். எப்போது மூடியது என்று டாக்டர் கேட்டார்.

"மூடுச்சுன்னு அவிய சொல்லலீங்க. நாந்தேன் சொன்னேன். பொட்டப்புள்ளைக்கு நெஞ்சுல கத்தி வெச்சா நாளைக்கு யாருங்க கட்டுவாங்க? அவளும் நல்லா ஓடியாடிட்டுத்தான் இருந்தா. அதோட போறத நிறுத்திப்போட்டனுங்க."

எனக்கு அந்த நேரத்தில் என்னைப் பற்றி நினைக்கவே தோன்றவில்லை, இதை எழுதும்போதுதான் ஆச்சரியமாக இருக்கிறது. குழந்தைக்கு இருக்கிறதா என்றுதான் மறுபடி மறுபடி கேட்டேன். பார்க்கலாம் என்று டாக்டர் கருவியை வயிற்றில் வைத்தார்.

குழந்தை குப்புறக் கிடந்தது. முதுகெலும்பு மறைப்பதால் இதயம் சரியாகத் தெரியவில்லை, கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள் என்றார். கூடத்தில், தூங்காத குழந்தைகளைச் சுமந்து நடக்கிற பெண்களுக்கு நடுவில் நானும் நடந்தேன். அத்தை ஒரு மூலையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கூட வந்து நடக்கவில்லை. இவர் வாயைத் திறந்து திட்டித் தொலைத்தால் தேவலையே என்றிருந்தது. இன்று ராத்திரிக்குள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும், சத்தீஸ்கரில் இருக்கிற என் வீட்டுக்காரருக்குப் போன் போய்விடும் என்று நினைத்தேன். அதெல்லாம் எப்படியோ போகட்டும், பிள்ளை மட்டும் திரும்பிப் படுக்கட்டும் என்று வயிற்றைத் தட்டிக் கெஞ்சினேன்.

அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். இந்த முறை பிள்ளை திரும்பியிருந்தது. டாக்டர் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு இடத்தில் கருவியை நிறுத்தி அழுத்தினார், படத்தை நிறுத்தினார், அளந்தார், மறுபடி ஓடவிட்டார். டாக்டர்கள் இப்படிச் சும்மா இருந்தால் நமக்கு உயிரே போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியுமா, தெரியாதா? திரையில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வந்தன. எது நல்லது, எது கெட்டது என்று தெரியாமல், சிவப்பு வந்தாலும் பயந்தேன், நீலம் வந்தாலும் பயந்தேன்.

கடைசியில் விளக்கைப் போட்டார். நான்கு அறைகளும், சுவர்களும், வால்வுகளும் சரியாக இருக்கின்றன. ரொம்பச் சின்ன ஓட்டைகள் இந்த வயதில் தெரியாமல் போகலாம், பிறந்த பிறகு ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம், மற்றபடி குழந்தை இதயம் நன்றாக இருக்கிறது என்றார். நான் வாய்விட்டு அழுதேன். அத்தை கையெடுத்துக் கும்பிட்டார், டாக்டரையா, திரையையா, தெரியவில்லை.

நான் ஜெல்லைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தேன். இருங்க என்றார் டாக்டர். படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார். வாங்குகிறது, வயிற்றில் பிள்ளை இருந்தால் எல்லாருக்கும் வாங்குமே என்றேன். இதற்கு முன்னால் என்று கேட்டார். யோசித்தேன். பள்ளிக்கூடத்தில் என் வகுப்பு இரண்டாம் மாடியில். மூன்று வருஷமாகவே நான் முதல் மாடியில் நின்று, போனைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்து, மூச்சு விட்டுக்கொண்டுதான் மேலே போகிறேன். அதைச் சொன்னேன்.

இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். வேறு கருவியை எடுத்து என் நெஞ்சில் வைத்தார். என் இதயத்தின் சத்தத்தை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். இந்தமுறை அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நடுச்சுவரில் ஒரு இடம் விட்டுப்போயிருந்தது, சிவப்பு அதன் வழியே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஓட்டை மூடவில்லை. சின்னது என்றும் சொல்ல முடியாது, இதயத்தின் வலது பக்கம் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது என்றார். பயப்பட வேண்டாம், இப்போது ஒன்றும் செய்யப் போவதில்லை, ஆனால் பெரியவர்களுக்கான இதய டாக்டரை இந்த வாரமே பார்க்க வேண்டும், பிரசவம் அவர்களும் இருக்கிற ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும், பிள்ளை பிறந்து சில மாதம் கழித்துத் தொடை வழியாகக் குழாய் விட்டே மூடிவிடலாம் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். காது கேட்டது, உள்ளே ஒன்றும் இறங்கவில்லை. குழந்தையைப் பற்றிப் பயந்து பயந்து வந்தவளுக்கு, பிள்ளை நன்றாக இருக்கிறது, நீ எப்படிப் பெற்றுப் பிழைப்பாய் என்று பார்க்க வேண்டும் என்று சொன்னால் எப்படி இருக்கும்?

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். அம்மாவிடமிருந்து ஏழு முறை அழைப்பு வந்திருந்தது. எடுக்க மனம் வரவில்லை. அத்தை தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு கேட்டார். எனக்காகத்தானோ, தூங்குகிற குழந்தைகளுக்காகத்தானோ, அவருக்கு வராத மெதுவான குரலில் கேட்டார்.

"ஏங்கண்ணு, கண்ணாலத்துக்கு முன்னாலயே எங்ககிட்ட இதையச் சொல்லியிருந்தா, நாங்க என்ன பண்ணியிருப்போம்னு நெனச்சீங்க?"

மறைக்க இனி என்ன இருக்கிறது என்று, கல்யாணத்தை நிறுத்தியிருப்பீர்கள் என்றேன்.

அத்தை நிஜமாகவே யோசித்தார். பொய்யாக ஒரு ஆறுதல் சொல்வதற்கு அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

"ஆமா, சாமி," என்றார். "நிறுத்தித்தேன் இருப்பேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் எழுந்தார். என் கைப்பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். நாங்கள் ஏறி வந்த படிக்கட்டு பக்கத்திலேயே இருந்தது, நான் பழக்கத்தில் அந்தப் பக்கம் திரும்பினேன். அத்தை என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். லிப்ட் எங்கே இருக்கிறது என்று யாரிடமோ கேட்டார், கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.